ஜெர்மன் மொழியில் சண்டை போடக் கற்றது

நான் ஜெர்மன் படித்தது மொழிமேல் இருந்த ஆசையால் அல்ல. டைப்பிங் ஹாலை விட்டு வெளியே போகவேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் பார்த்தவர்கள் எல்லாம் "உங்களுக்குச் சின்ன வயசிலேயே மொழிகள்ல ஈடுபாடோ?" என்று கேட்டுக் கேட்டு என்னை எரிச்சலூட்டியிருக்கிறார்கள். ஈடுபாடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஹைதராபாத்துக்கு வெளியே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஹால். மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் மண்டை வெந்துவிடும். அப்போது ஜெர்மனியிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகளில் இயந்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றோடும் தலையணை கனத்துக்கு ஒரு கையேடு வரும். அதை இடப்பக்கம் ஜெர்மனிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலுமாக ஸ்டென்சிலில் அடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் டைப்ரைட்டரில் ஜெர்மன் எழுத்தின் தலையில் வைக்கிற இரட்டைப் புள்ளி கிடையாது. அடித்து முடித்தபின் ஊசிப் பேனாவால் ஒவ்வொன்றாக வைப்போம். அதற்குப் பொட்டு வைப்பது என்று பேர். புதிதாக வந்த ஒரு பெண், புள்ளியெல்லாம் அழுக்கு என்று நினைத்து ஓர் அத்தியாயம் முழுக்கத் திருத்துமை தடவி அழித்துவிட்டாள். "சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றாள். அப்படிப்பட்ட ஹால் அது. என்ன அடிக்கிறோம் என்று அடிக்கிறவளுக்குத் தெரியாது, தெரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

எனக்குத் தெரிய ஆரம்பித்தது. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் பொருள். தினமும் இதையே அடித்தால் மாட்டுக்குக்கூடப் புரியும்.

ஒரு நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. இயந்திரங்களை நிறுவும் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் வேலை இரண்டு இடம். ஜெர்மன் மொழியில் இடைநிலைச் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம். அதை முதலில் படித்தது நான்தான், ஏனென்றால் அடித்ததே நான்தான். கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் சூப்பரிண்டெண்ட் மேஜைக்குப் போனேன். அவர் கும்பகோணத்துக்காரர். ஹாலில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் என்னைக் கிண்டல் பண்ணத் தனி உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"சார், டைப்பிஸ்ட் விண்ணப்பிக்கக் கூடாதுன்னு இதுல எங்கேயும் போடலையே."

"போட மறந்துட்டாங்கம்மா. அப்படி ஒருத்தி கேப்பான்னு யாருக்குத் தோணும்?"

அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அபிட்ஸ் பக்கம் ஒரு மாடியில் மாலை வகுப்பு நடந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் வந்து பாதி வழியில் இறங்கி, நகரப் பஸ் பிடித்து, படியேறி உட்காரும்போது பாதி பாடம் முடிந்திருக்கும். உடன் படித்தவர்கள் டாக்டர்களும் இன்ஜினியர்களும். எல்லாரும் ஜெர்மனி போகப் படித்தார்கள். நான் அடுத்த கட்டடத்துக்குப் போகப் படித்தேன்.

வீடு திருமுல்கேரியில். அப்பா ராணுவப் பட்டறையில் சிவிலியன் ஃபிட்டர். அவர் எதுவும் சொல்லவில்லை. எதற்கும் எதுவும் சொல்ல மாட்டார். அம்மா வேலூர்க்காரி, சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"அந்த பாஷையில யாருகூடடி பேசப்போற? நம்ம தெருவுல தெலுங்கு பேசினாலே பால்காரனுக்குப் புரியல."

என் தம்பி இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன். நாங்கள் தமிழில் கேட்டால் அவன் ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் உருது கலந்து பதில் சொல்வான். "ஜெர்மன் கைக்கு அக்கா? நக்கோ. ஒழுங்கா இங்கிலீஷ் பேசு, போதும்."

ஒரு வருஷம் படித்துப் பரீட்சைக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. பிறகு வாய்மொழித் தேர்வு. ஒரு படத்தைக் கையில் கொடுத்து விவரிக்கச் சொன்னார்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்கள். இதைவிடச் சுலபமான படம் உலகத்தில் இல்லை.

நான் படித்த ஜெர்மன் முழுக்க இயந்திர ஜெர்மன். எனக்கு மசகு எண்ணெய்க்குச் சொல் தெரியும், ஸ்பூனுக்குத் தெரியாது. குளிர்விக்கும் பம்புக்குத் தெரியும், சித்திக்குத் தெரியாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஜாதி இல்லை நான். தெரிந்ததை வைத்துப் பேசினேன். மேஜையைச் சுற்றி நான்கு நபர்கள் பொருத்தப்பட்டிருக்கிறார்கள் என்றேன். தாய் இடப்பக்கம் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறார். திரவத்தின் வெப்பநிலையைச் சரிபார்த்த பிறகே குழந்தைகளை இயக்க வேண்டும்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தில் தேறியிருந்தேன், பேச்சில் தோற்றேன். மொத்தத்தில் தோல்வி.

முடிவு ஹாலுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. காலையில் நான் நுழையும்போதே சூப்பரிண்டெண்ட் எல்லாரும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்: "வாருங்கள், ஊமை ஜெர்மன்காரி." டைப்ரைட்டர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றன. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நான் இன்றுவரை யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அதற்குள் இரண்டு இடத்தில் ஒன்றுக்கு ஓர் இன்ஜினியரை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று காலியாக இருந்தது. அடுத்த பரீட்சைக்குள் ஊழியர்களில் யாரும் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பையும் நான்தான் அடித்தேன். ஆக எனக்கு இன்னும் ஒரு பரீட்சைதான். அதிலும் தவறினால் ரிட்டயர் ஆகிறவரை பொட்டு வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஜெர்மன்காரி வந்தாள்.

இயந்திரங்களை நிறுவ வந்த ஃபிட்டர்களுக்குத் தொழிற்சாலை சைனிக்புரியில் வீடுகள் பிடித்துக் கொடுத்திருந்தது. அவர்களில் ஒருவருடைய மனைவி. ஒரு நாள் மதியம் நேராக எங்கள் அலுவலகத்துக்குள் வந்து நின்று கத்த ஆரம்பித்தாள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. கணவன் எங்கோ இயந்திரத்துக்கு அடியில் இருந்தான். அவளுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை. எங்கள் சூப்பரிண்டெண்ட் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாகப் போய்விட்டார். நான் எழுந்தேன்.

அவள் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. சமையலறை, துணி, சோப்பு என்று வீட்டுச் சொற்களாகக் கொட்டினாள். "தண்ணீர்" மட்டும் பிடிபட்டது. நான் என் கையேட்டு ஜெர்மனில் கேட்டேன்: "குழாய்த்தொடரில் போதிய அழுத்தம் கிடைக்கப்பெறவில்லையா?"

அவள் கத்துவதை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமாம்" என்றாள். "மூன்று நாளாக அழுத்தம் கிடைக்கப்பெறவில்லை. எனக்குக் கொலைவெறி கிடைக்கப்பெற்றிருக்கிறது."

பராமரிப்புப் பிரிவுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய், அங்கே தெலுங்கில் நான் ஒரு சத்தம் போட்டு, அன்று சாயங்காலமே ஆள் அனுப்ப வைத்தேன். போகும்போது அவள் கேட்டாள், இந்த ஊரில் காய்கறி எங்கே வாங்குவது, என்னை எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று. நான் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை நான் கூட வருகிறேன். நீ என்னோடு ஜெர்மன் மட்டும்தான் பேச வேண்டும். எனக்காக மெதுவாகப் பேசக் கூடாது." அவள் சரி என்றாள். உபகாரம் ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் சரிக்குச் சரி.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே வாய் நீளம். மூக்கு நுனியில் கோபம். பாடம் சொல்லித் தரவெல்லாம் அவளுக்குப் பொறுமை கிடையாது. நான் தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டாள், "என்ன உளறுகிறாய்?" என்பாள். புரிகிற மாதிரி நான் வேறு விதமாகச் சொல்லியாக வேண்டும்.

முதல் ஞாயிறே லால் பஜாரில் சண்டை. கத்தரிக்காய்க்காரன் ஒரு விலை சொன்னான். நான் பாதி விலைக்குக் கேட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் பையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். நாலு அடி போவதற்குள் "ஆவோ அம்மா, ஆவோ" என்று கூப்பிட்டான். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. விலை படியாவிட்டால் போகிறவள் போகவேண்டும், விற்கிறவன் கூப்பிடவேண்டும். போகாதவளுக்கு வாங்கத் தெரியாது, கூப்பிடாதவனுக்கு விற்கத் தெரியாது.

ஜெர்மன்காரிக்கு அவமானமாகிவிட்டது. "அந்த மனிதர் விலை சொல்லிவிட்டார். கொடுக்க வேண்டியதுதானே? நீ அவரை அவமதிக்கிறாய்."

"அவன் சொன்னது விலை இல்லை. ஆரம்பம்."

"எங்கள் ஊரில் விலை என்றால் விலை."

"அதனால்தான் உன்னை எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். உன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது."

"உனக்கு வெட்கம் என்பதே கிடையாதா?"

வெட்கம் என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த இயந்திரக் கையேட்டிலும் அது இல்லை. நடு பஜாரில் நின்று கை நீட்டி நீட்டிக் கத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. கத்தரிக்காய்க்காரன் வியாபாரத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்தான். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது, அவ்வளவு நேரம் ஒரு தடவைகூடச் சொல் தேடி நிற்கவில்லை என்று.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சண்டைதான். டீயில் பாலைக் கொதிக்க விடுவது பற்றி, தெருநாய்க்குச் சோறு போடுவது பற்றி, அவள் கணவனின் குடி பற்றி, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது பற்றி. கடைசி விஷயத்தில் ஆட்டோவிலிருந்து பாதி வழியில் இறங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவளே திருமுல்கேரிக்கு வந்து வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்கு வெங்காயம் வேண்டும்" என்றாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து இட்லி கொடுத்தாள். அவள் நாலு சாப்பிட்டாள், ஐந்தாவதை வேண்டாமென்று தட்டை மறைத்தாள். அம்மா விடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"போதும்னு சொல்றாம்மா."

"போதும்னா போதுமா? போடுறேன்னு சொல்லு."

சில மாதங்களில் ஜெர்மன்காரி தானே பேரம் பேச ஆரம்பித்தாள். ஒரு தடவை தக்காளிக்காரனிடம் விரலைக் காட்டி விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, பையை மடக்கிக்கொண்டு நடந்தாள். "மேம்சாப், மேம்சாப்" என்று அவன் எழுந்தே வந்துவிட்டான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நாட்டைப் பிடித்த கர்வம் இருந்தது.

பரீட்சை சனிக்கிழமை. எங்களுக்கு அது வேலை நாள். சூப்பரிண்டெண்ட் லீவு தரவில்லை. "போன தடவை போயே ஒண்ணும் பேசலை. இந்தத் தடவை எதுக்கும்மா லீவு?" என்றார். சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

தேர்வாளர்கள் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார்கள். ஓர் உயரமான ஜெர்மன் அம்மாள், அவருக்குப் பக்கத்தில் மதிப்பெண் போட நம்மூர்க்காரர் ஒருவர். என் முறை வந்தது. ஓர் அட்டையை எடுக்கச் சொன்னார்கள். அதில் இருந்தது இது: நீங்கள் வாங்கிய குடை முதல் மழையிலேயே உடைந்துவிட்டது. கடைக்குப் போய்ப் புகார் சொல்லுங்கள். தேர்வாளர்தான் கடைக்காரி.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சண்டை போடச் சொல்கிறார்கள். பரீட்சையில்.

வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். கடைக்காரி மரியாதையாகப் பேசினாள். பில் இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். பில் இல்லாமல் மாற்ற முடியாது, விதி அப்படி என்றாள். விதி குடைக்கு இருந்திருக்க வேண்டும், எனக்கு இல்லை என்றேன். காற்று பலமாக இருந்திருக்கும் என்றாள். குடை விற்கிறவளுக்கு மழையில் காற்றும் வரும் என்று தெரியாதா என்றேன். வெட்கம் என்ற சொல்லையும் சரியான இடத்தில் வைத்தேன். அவள் அசையவில்லை. "வருந்துகிறேன். என்னால் எதுவும் செய்ய முடியாது."

"நல்லது. குடையை நீயே வைத்துக்கொள். இந்தத் தெருவில் வேறு கடை இல்லாமல் போகவில்லை" என்று சொல்லிவிட்டு, எழுந்து, வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் காத்திருந்த டாக்டர் ஒருவர் கேட்டார்: "அதற்குள் முடிந்துவிட்டதா?"

"இல்லை. கூப்பிடுவார்கள்."

கூப்பிடவில்லை. உள்ளே சத்தமே இல்லை. அப்போதுதான் யோசித்தேன். அவள் ஜெர்மன் கடைக்காரி. அவர்கள் ஊரில் விலை என்றால் விலை, போனவள் போனவள்தான். தேர்வைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். சரி, திரும்பப் போகலாமா? தானாகத் திரும்பிப் போகிறவள் பேரத்தில் தோற்றவள். போகாவிட்டால் பரீட்சையில் தோற்றவள். காலியாக இருக்கிற அந்த ஒரு இடம் நினைவுக்கு வந்தது. அந்த ஹாலும் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்தன.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வழி தெரிந்துவிடும். கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி ஜெர்மனில் சொன்னேன்: "நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் மாடிப்படிவரை போய்விட்டேன். எந்தக் கடைக்காரியும் இவ்வளவு தூரம் விடமாட்டாள்."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மூர்க்காரர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"உள்ளே வாருங்கள்" என்றார் அந்த அம்மாள். "விளக்கிச் சொல்லுங்கள்."

விளக்கினேன். ஆரம்ப விலை என்றால் என்ன, பையை எப்போது மடக்க வேண்டும், எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும், ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது, கூப்பிட்டதும் உடனே போகாமல் ஏன் சலித்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும். கையை வீசி, நடந்து காட்டி, தக்காளிக்காரனாகவும் நானே பேசி. அவர் இடையில் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் நம்பவில்லை, நான் வாதாடினேன். அடுத்தவருடைய நேரமும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக அவர் கேட்டார்: "ஒருவேளை அவன் கூப்பிடவே இல்லை என்றால்?"

"அப்படியென்றால் அவன் சொன்னது நியாயமான விலை. மறுநாள் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, முந்தின நாள் வராதவள் மாதிரி வரவேண்டும்."

அந்த அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலை மாற்றி, "அம்மா, அம்மா, போகாதீர்கள், வாருங்கள்" என்றார். "புதுக் குடை தருகிறேன்."

"பில்லோடு கொடுங்கள்" என்றேன்.

தேறிவிட்டேன். வாய்மொழியில் நான்தான் அந்த முறை முதல். எழுத்தில் இல்லை, அதில் ஓர் இன்ஜினியர் முந்திவிட்டார். போகட்டும்.

சான்றிதழ் வந்ததும் தொழிற்சாலையில் முதலில் பெர்சனல் ஆபீஸுக்குப் போனேன். விண்ணப்பத்தோடு அதைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஹாலுக்கு வந்தேன். சூப்பரிண்டெண்டுக்குச் சேதி அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"பாஸாமே. சந்தோஷம்மா. விண்ணப்பத்தை எங்கிட்ட கொடு, நேரம் பார்த்து மேலே அனுப்புறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? அது மேலே போயாச்சு."

"எங்கிட்ட கேக்காமலா?"

"உங்க கிட்ட கேக்கணும்னு சுற்றறிக்கையில எங்கேயும் போடலை சார். போட மறந்துட்டாங்க போல."

ஹாலில் ஒரு டைப்ரைட்டரும் ஓடவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு, என் இடத்துக்குப் போய் உட்காருகிற வரைக்கும் சிரித்தேன்.

உத்தரவு வந்தது. டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டு, அடுத்த கட்டடத்துக்கு நடந்து போனேன். தூரம் ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் என்னை ஒரு பெரிய பிரஸ் இயந்திரத்தின் முன் கொண்டு நிறுத்தினார்கள். ஒரு பக்கம் ஜெர்மன் ஃபிட்டர், வெங்காயம் கேட்டு வந்தவளின் கணவன்தான். இன்னொரு பக்கம் எங்கள் ஃபோர்மேன், தெலுங்குக்காரர், மீசைக்காரர். அஸ்திவாரம் கோணலாக இருக்கிறது, ஒரு குழந்தைகூட இதைவிட நேராகப் போடும் என்றார் ஃபிட்டர். நான் அப்படியே தெலுங்கில் சொன்னேன். ஃபோர்மேனுக்கு மூக்கு விடைத்தது. குழந்தை போட்டது அஸ்திவாரம் இல்லை, இவர் அனுப்பிய வரைபடம்தான் என்றார். அதோடு நிற்காமல் ஃபிட்டரின் குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில சொன்னதை அவர்கிட்ட சொல்லிடாதேம்மா."

நான் ஃபிட்டர் பக்கம் திரும்பி முழுசாகச் சொன்னேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.